சிவப்புக் கட்டத்துக்குள் நடந்தவர்கள்

மாணவர்கள் அவருக்கு வைத்த பெயர் 'இன்னொருதடவை'. எதைச் செய்து கொண்டுபோய்க் காட்டினாலும் பேராசிரியர் வாயில் முதலில் வரும் சொல் அதுதான். ஓய்வு பெறச் சில வருடங்களே இருந்தன. முழங்கால்கள் அதற்கு முன்பே ஓய்வு கேட்டுவிட்டன.

ரயில் நிலையக் கேமராக்களில் தெரியும் நடையை வைத்து, உடம்பில் ஆயுதம் மறைத்து வருபவர்களைச் செயற்கை நுண்ணறிவு கண்டுபிடிக்க வேண்டும். இதுதான் அவருடைய ஆராய்ச்சி. நடை பிசகினால் திரையில் அந்த ஆளைச் சுற்றிச் சிவப்புக் கட்டம் விழும். காவலர் தனியறைக்கு அழைத்துச் சோதிப்பார்.

மழைக்காலம் முடிந்தும் ஒரு பேனாக்கத்திகூட அகப்படவில்லை. பாதுகாப்பு அதிகாரி சலித்துப்போனார்.

"உங்க மெஷின் பிடிச்சுக் குடுக்கறதெல்லாம் நோயாளிங்கதான் மேடம். இவங்கள வச்சு நான் என்ன பண்றது?"

பேராசிரியரே வந்து அந்தச் சோதனை அறையில் உட்கார்ந்தார். காலில் கட்டுப் போட்ட ஒருவர் வந்தார். நிறைமாதக் கர்ப்பிணி ஒருத்தி வந்தாள். பிறகு அந்த நிலையத்திலேயே வேலை பார்க்கும் பார்சல் குமாஸ்தா வந்தார்.

"தினம் என்னையே பிடிக்குதும்மா. ஆபீஸ்ல எல்லாரும் திருடன்னு கிண்டல் பண்றாங்க."

பேராசிரியர் அவரை நடக்கச் சொல்லிப் பார்த்தார். இடது கை வீசவே இல்லை. கேமராவின் பழைய பதிவில் இரண்டு கையும் வீசித்தான் நடந்திருந்தார்.

"எங்கயாவது விழுந்தீங்களா?"

"விழலை. போன மாசம் கதவுல தலை இடிச்சுது. அதெல்லாம் ஒரு அடியாம்மா?"

அவரை அப்படியே விட்டுவிடப் பேராசிரியருக்கு மனம் வரவில்லை. பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய், வரிசையில் கால் கடுக்க நின்றார். ஸ்கேன் எடுத்துப் பார்த்த மருத்துவர், மூளைக்கு மேலே ரத்தம் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்து தேங்கியிருப்பதாகச் சொல்லி அன்றே அறுவை செய்தார். குமாஸ்தா பிழைத்துக்கொண்டார்.

சோதனை அறையில் ஒரு நர்ஸைப் போடலாமே என்று பேராசிரியர் கேட்டதற்கு அதிகாரி தலையாட்டி மறுத்தார். "மேலிடம் கேக்கறது கத்தி. நீங்க ரத்தக்கட்டியைக் காட்டறீங்க. நல்ல விஷயம்தான், ஆனா என் வேலை இல்ல."

திட்டம் நின்றது. நடையைக் கொண்டு நோயைக் கண்டுபிடிக்கலாம் என்று பேராசிரியர் சுகாதாரத் துறைக்கு எழுதினார். முதலிலிருந்து விளக்கச் சொன்னார்கள். பழைய குருடி கதவைத் திறடி என்று ஆயிற்று. கடைசியில் ஓர் ஆஸ்பத்திரி வாசலில் ஒரே ஒரு கேமராவுக்கு அனுமதி வந்தது.

அன்று மாலை கணவர் வெந்நீர்ப் பையைக் கொண்டுவந்து அவர் முழங்காலில் வைத்தார்.

"நீ கேட்டது கிடைச்சுடுச்சே. சந்தோஷம்தானே?"

"சந்தோஷம்தான். நாளைக்குச் சந்தோஷப்படறேன். இப்போ கொஞ்சம் காலை நீட்டிக்கணும்."

கணவர் நகர்ந்து இடம் விட்டார்.