ரஹீம் பாய் நிறுத்திய இடங்கள்

மயிலாப்பூரில் ஒரு மாடி ஸ்டுடியோவில் இருபத்தாறு வருடமாக எடிட்டராக இருக்கிறேன். பாடியவர் சுருதி விலகினால் சரிசெய்வது, தாளம் பிசகினால் இழுத்து ஒட்டுவது, இருமலை எடுப்பது என் வேலை. நாமா இவ்வளவு நன்றாகப் பாடினோம் என்று பாடியவரே அசந்துபோவார். செய்துகொடுத்த வேலையை யாரும் திருப்பிக் கொண்டுவந்ததில்லை. ஒரே ஒருவர் கொண்டுவந்தார். கீபோர்டு பழகத் தொடங்கியவர்கள் மெலடி என்றால் என்ன என்று என்னிடம் கேட்கும்போதெல்லாம் அவர் கதையைத்தான் சொல்கிறேன்.

1. வார்த்தை இல்லாத மெட்டு

ரஹீம் பாய்க்கு தி.நகரில் தையல் சாமான் கடை. பட்டன், ஜிப், லைனிங் துணி விற்பார். கடைக்குப் பின்னாலேயே வீடு. மனைவி மெஹர் அங்கே உட்கார்ந்து பிளவுஸ் தைப்பார். பக்கவாதம் வந்து அவருக்கு வலது பக்கம் விழுந்து, பேச்சும் போய்விட்டது. நன்றாகப் பழகிய பாட்டாகப் போட்டுக்காட்டுங்கள் என்று பேச்சுப் பயிற்சி கொடுப்பவர் சொல்லியிருக்கிறார். பேச வராத சிலருக்குப் பாட வருமாம். கூடச் சேர்ந்து முனகினால் அங்கிருந்து பேச்சைத் தொடங்கிப் பார்க்கலாமாம். சினிமாப் பாட்டெல்லாம் போட்டாயிற்று, மெஹர் சுவரைப் பார்த்தபடியே இருந்தார் என்றார் பாய்.

"மிஷின்ல உக்காந்தா ஒரே ஒரு மெட்டுதான் தம்பி முனகுவா. வார்த்தையே கெடையாது. எனக்கு மனப்பாடம். நான் பாடுறேன், நீ ரெக்கார்ட் பண்ணிக் குடு."

பாடினார். குரல் என்று சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை. மூன்றே வரி. முதல் வரி மேலே ஏறி, முடியாமல் நிற்கும். இரண்டாவது இன்னும் கொஞ்சம் மேலே போய்ப் பார்க்கும். மூன்றாவது நிதானமாக இறங்கி, தொடங்கிய சுரத்துக்கே வந்து சேரும். புதிதாகப் பழகுகிறவர்கள் இதைக் கவனித்தாலே பாதிக் கிணறு தாண்டிவிடலாம். எங்கே ஏறுகிறது, எங்கே காக்கவைக்கிறது, எங்கே வந்து சேர்கிறது. எந்தச் சுருதியில் பாடினாலும், புல்லாங்குழலில் வாசித்தாலும் கீபோர்டில் வாசித்தாலும் அந்தப் போக்கு மாறாது. இவ்வளவு தெரிந்தால் மெலடி தெரிந்துவிட்டது என்றுதான் நானும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

2. என் கைவரிசை

பாய் ஒவ்வொரு வரி முடிந்ததும் நிறுத்தினார். அதுவும் ஒரே அளவாக இல்லை. ஓரிடத்தில் மூன்று நொடி, இன்னோரிடத்தில் ஏழு நொடி. மனுஷனுக்கு அடுத்த வரி மறந்துபோகிறது, பாவம், என்று நானே முடிவுகட்டிக்கொண்டேன். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம், கேட்கவில்லை.

அவர் போனபிறகு பிட்ச் கரெக்‌ஷன் போட்டு ஒவ்வொரு சுரத்தையும் நேராக நிறுத்தினேன். இடைவெளிகளை வெட்டி எறிந்து, டிக் டிக் என்று ஓடும் க்ளிக் டிராக்கின் தாளத்துக்கு அளவாக வரிகளை ஒட்டினேன். அடியில் தம்புரா, மேலே லேசாக கிடார். நல்ல காரியமாயிற்றே என்று வழக்கத்தைவிட அதிகமாகவே உழைத்தேன்.

நான் ஏற்றிக் கொடுத்த பென் டிரைவை நான்காம் நாள் கொண்டுவந்து மேஜையில் வைத்தார்.

"நல்லாதான் கீது தம்பி. ஆனா அவ கூடப் பாடல. ஆரோ பாடுறாங்கன்னு கேட்டுக்கினு இருந்தா."

எனக்குச் சுருக்கென்றது. மெட்டு அதேதான் பாய், ஒரு சுரம்கூட மாற்றவில்லை என்று வாதாடினேன். அவர் கேட்டார்.

"நடுவுல நிறுத்துனேனே, அத இன்னா பண்ணே?"

வெட்டிவிட்டேன் என்றேன்.

"நானா நிறுத்தல தம்பி. அங்கல்லாம் அவ நிறுத்துவா. ஒரு ஓரம் தச்சு முடிச்சா துணியத் திருப்பணும்ல. பிளவுஸ் கைன்னா சட்டுனு திருப்பிடுவா. கழுத்துன்னா லேட்டாவும்."

கடையில் உட்கார்ந்தபடி வருடக்கணக்காகக் கேட்டவர், எந்த வரிக்குப் பிறகு எவ்வளவு நேரம் துணி திரும்பும் என்பதையும் சேர்த்தே மனப்பாடம் செய்திருக்கிறார். அதைத்தான் நான் தடுமாற்றம் என்று வெட்டியிருந்தேன். இத்தனை வருட வேலையில் அன்றைக்குப் போல் நான் வெட்கப்பட்டதில்லை.

3. மூன்றாவது வரி

ரா ஃபைலை, அதாவது கை வைக்காத முதல் பதிவை, நாங்கள் அழிப்பதில்லை. எங்கள் தொழிலில் உருப்படியான பழக்கம் அது ஒன்றுதான். அதை போனில் ஏற்றிக்கொண்டு மறுநாள் நானே தி.நகருக்குப் போனேன்.

மெஹர் தையல் மிஷின் பக்கத்தில் நாற்காலியில் இருந்தார். வலது கை மடியில் கிடந்தது. போனை மிஷின் மேல் வைத்து ஓடவிட்டேன். பாயின் கரகரத்த குரலில் முதல் வரி வந்தது. மெஹர் சுவரையே பார்த்தார். இடைவெளி வந்தது. மடியிலிருந்து அவருடைய இடது கை எழுந்து, இல்லாத ஒரு துணியை மெல்லத் திருப்பியது.

பாய் என்னைப் பார்த்தார்.

இரண்டாவது வரி முடிந்தது. மறுபடி அந்தக் கை. இது நீண்ட இடைவெளி, கழுத்துக்கானது. அது முடிவதற்குள் மெஹர் வாய் திறந்தார். உடைந்த குரல்தான், ஆனால் மூன்றாவது வரி. போனில் பாயின் குரல் அரை நொடி பிந்தித்தான் வந்தது. மெஹர் அதற்காகக் காத்திருக்கவில்லை. தன் போக்கில் இறங்கி, தொடங்கிய சுரத்தில் வந்து நின்றார்.

டீ போடுகிறேன் என்று பாய் உள்ளே போனார். வெகுநேரம் வெளியே வரவில்லை. எனக்கும் கண் கலங்கிவிட்டது, மறைக்க என்ன இருக்கிறது.

அதற்குப் பிறகு, யார் பாட்டில் இடைவெளி இருந்தாலும் வெட்டுவதற்கு முன் இங்கே ஏன் நிறுத்தினீர்கள் என்று கேட்டுவிடுகிறேன். பாதிப் பேர் மறந்துபோச்சு என்கிறார்கள். அப்போது தாராளமாக வெட்டுகிறேன். மெலடி பழகுகிறவர்களிடமும் சொல்வது இதுதான். சுரங்களை எண்ணிப் பழகுங்கள், அது எங்கே நிற்கிறது என்பதையும் பழகுங்கள். நிற்கிற இடமும் மெட்டுதான்.

மெஹருக்குப் பேச்சு முழுதாக வந்துவிட்டது என்று எழுத ஆசைதான். வரவில்லை. சில வார்த்தைகள் வந்திருக்கின்றன. இப்போது போன் வேண்டாம், பாயே பக்கத்தில் உட்கார்ந்து பாடுகிறார். கடையில் ஆள் வந்துவிட்டால் இடைவெளியைச் சுருக்கிக்கொண்டு அடுத்த வரிக்கு ஓடுவாராம். மெஹர் இடது கையால் அவர் முழங்காலைத் தட்டி, தெளிவாக, "இரு" என்கிறாராம்.