புளி போட்டுத் தேய்த்த விண்கல்

சுதந்திரம் வந்து பத்து வருஷம் இருக்கும். நார்த்தாமலைப் பக்கம் ஒரு கடலைக் கொல்லையில் வானத்திலிருந்து தேங்காய் அளவு கல் ஒன்று விழுந்தது. அது தாலுகா ஆபீசுக்கு வந்து சேர்ந்ததும், கல்லூரியில் ரசாயனம் நடத்திக்கொண்டிருந்த என்னைக் கூப்பிட்டார்கள். மேலே கரிந்த தோல். உடைந்த ஓரத்தில் சாம்பல் நிறம், அதில் கடுகு கடுகாக உருண்டைகள், நடுநடுவே இரும்புத் துணுக்கு. ஆலிவின், பைராக்சின் என்ற தாதுக்கள், நிக்கல் கலந்த இரும்பு. ஆகவே கான்டிரைட் வகை விண்கல் என்று மூன்று பக்கம் எழுதிக் கொடுத்தேன். வானத்திலிருந்து வந்ததற்கு அந்தக் கரிந்த தோல்தான் சாட்சி என்று அடிக்கோடும் போட்டேன்.

கலெக்டர் பார்க்க வருகிறார் என்றதும் ஹெட் கிளார்க் அதைக் குத்துவிளக்கு மாதிரி புளியும் செங்கல் பொடியும் போட்டுத் தேய்க்கச் சொல்லிவிட்டார்.

"ஒரே கரியா இருந்துச்சுங்க. பெரிய மனுசரு முன்னாடி அப்புடியேவா வைக்கிறது?" என்றார் என்னிடம்.

கலெக்டர் வரவில்லை, துரு வந்தது. சில நாளில் கல் முழுக்கச் சிவந்துவிட்டது. சிவந்த கல்லுக்கு எங்கள் பக்கம் ஒரே பெயர்தான். பதிவேட்டில் 'செம்புராங்கல், உள்ளூர், ஒன்று' என்று ஏற்றினார்கள்.

என் மூன்று பக்கம் என்ன ஆயிற்று என்று கேட்டேன்.

"கல்லு ஈரமா இருந்துச்சு, அதுக்கு அடியில விரிச்சிருக்குங்க. நீங்க இங்கிட்டு ஒரு கையெழுத்துப் போடுங்க" என்று பதிவேட்டை நீட்டினார்.

'பரிசோதித்தவர்' என்ற இடத்தில், பட்டத்தோடு சேர்த்து, அழகாகப் போட்டுக் கொடுத்தேன்.