பானட்டை மூடினால் அணையும் விளக்கு

எங்கள் தெருவில் கார் ஒயரிங் கடை வைத்திருக்கிறவருக்கு எர்த்து என்று பெயர். எந்தக் கார் வந்தாலும், என்ன கோளாறு என்று வண்டிக்காரர் சொல்லி முடிப்பதற்குள், "முதல்ல எர்த்தைப் பாப்போம்" என்பார். விளக்குக்குப் போன கரண்ட் திரும்பி வந்து வண்டியின் இரும்பு உடம்பில் சேர்கிறதா என்று பார்ப்பதுதான் அது. பாதிக் கோளாறு அங்கேதான் ஒளிந்திருக்கும் என்பது அவர் கட்சி. இந்தப் பெயருக்காக அவர் கோபித்துக்கொண்டதும் இல்லை, சிரித்ததும் இல்லை. வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்கிற ரகம்.

நான் அவருக்கு எதிர்க் கடை, குறுகலான தெரு, அங்கே பேசுவது இங்கே கேட்கும். கார் சீட்டுக்கு உறை தைக்கிறவள். கடைக்குப் பெரிய கண்ணாடிக் கதவு போட்டேன், அதுவே எனக்கு வினையாக வந்து சேர்ந்தது.

புதுக் கார்களில் முன்பக்கம் பகலிலும் வெள்ளையாக ஒரு விளக்கு எரிகிறதே, அதைத் தெருவில் போகிற எல்லோரும் பார்க்கலாம், வண்டியை ஓட்டுகிறவர் மட்டும் பார்க்க முடியாது. ஒரு பக்கம் அணைந்து கிடந்தாலும் யாராவது சொன்னால்தான் அவருக்குத் தெரியும். அதனால் அதைச் சரி பார்க்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் உள்ளே உட்கார்ந்து சுவிட்சைப் போட வேண்டும், இன்னொருவர் முன்னால் நின்று பார்க்க வேண்டும். ரொம்ப வருஷம் உள்ளே உட்கார்ந்தது அவர் மனைவி. எனக்கு அண்ணி முறை, நானாக வைத்துக்கொண்ட முறைதான். கடைக்குப் பின்னாலேயே வீடு, அடுப்பில் வேலையாக இருப்பார், கூப்பிட்டால் கையைத் துடைத்துக்கொண்டு வந்து டிரைவர் சீட்டில் உட்காருவார். "போடு" என்பார் இவர். "போட்டாச்சு" என்பார் அண்ணி. "அணை." "அணைச்சாச்சு." ஹேண்ட்பிரேக்கை எடு, இண்டிகேட்டரைப் போடு என்று அது பாட்டுக்குப் போகும். சில வண்டிகளில் ஹேண்ட்பிரேக்கை எடுத்தால்தான் அந்தப் பகல் விளக்கு எரியும். அண்ணிக்கு வண்டி ஓட்டத் தெரியாது. ஆனால் அவருக்குத் தெரியாத சுவிட்சு எந்த வண்டியிலும் கிடையாது.

பிறகு மகனுக்குக் குழந்தை பிறந்தது. மகன் இருப்பது வேறு ஊரில், ஆபீஸ் வேலை. மருமகளுக்கும் வேலை. கொஞ்ச நாள் பார்த்துக்கொண்டு வருகிறேன் என்று அண்ணி போனார். குழந்தைக்குத் தலை நிற்கட்டும் என்றார். தலை நின்றது. தவழட்டும் என்றார், பல் முளைக்கட்டும் என்றார், நடக்கட்டும் என்றார். இப்போது அது பையை மாட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போகிறது. அண்ணி வரவில்லை.

"ஒரு போனைப் போட்டு வான்னு சொல்லுங்களேன் அண்ணே" என்று நானும் சொல்லிப் பார்த்தேன்.

"அவளுக்கே தெரியும்ல" என்றார்.

"என்ன தெரியும்?"

அவர் கையிலிருந்த ஒயரின் முனையைச் சுரண்ட ஆரம்பித்துவிட்டார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்த ஒயராலேயே இரண்டு போடலாம் போலிருந்தது. மனிதர்களும் பேட்டரி மாதிரி, ஒருமுறை இணைத்துவிட்டால் தானாக வேலை செய்யும் என்று நினைத்துவிட்டார் போல.

அண்ணி போன பிறகு அவர் ஒரு வழி கண்டுபிடித்தார். வண்டியின் மூக்கை என் கடைப் பக்கம் திருப்பி நிறுத்துவார். உள்ளே உட்கார்ந்து சுவிட்சைப் போட்டுவிட்டு, என் கண்ணாடிக் கதவில் தெரிகிற விளக்கைப் பார்ப்பார். வெயில் அடித்தால் சரியாகத் தெரியாது. இறங்கி வந்து, கையை நெற்றியில் வைத்துக் குனிந்து பார்த்துவிட்டு, திரும்பப் போய் உட்காருவார். நாள் முழுக்க என் கண்ணில் யாராவது ஒருவருடைய விளக்கு அடித்துக்கொண்டே இருக்கும். சண்டை போடத்தான் நினைத்தேன். ஆனால் ஒரு மனிதர் தன் வேலையைத் தானே சரி பார்க்க இப்படி இறங்கி ஏறுவதைப் பார்த்தால் வாய் வரவில்லை.

விளக்கு ரிப்பேருக்கு வந்த வண்டியில் ரேடியோவைப் போட்டு வைத்துக்கொள்வார். கேட்டால், "அதுவும் சரியா இருக்கான்னு பாக்கறேன்" என்பார். யாரோ எங்கோ பேசிக்கொண்டிருப்பார்கள், இவர் தலையை பானட்டுக்குள் விட்டு வேலை செய்வார். வண்டிக்காரர் வந்து வண்டியை எடுத்துப் போனதும் கடை கப்பென்று அடங்கிப்போகும். அந்த நேரத்தில் அவர் முகத்தைப் பார்க்க எனக்குப் பிடிக்காது. தையல் மெஷினை மிதிக்க ஆரம்பித்துவிடுவேன்.

ஒருநாள் காலையில் அவரே தெருவைத் தாண்டி என் கடைக்கு வந்தார். முகத்தை மழித்திருந்தார்.

"பையன் வர்றான். அவன் கார்ல இடது பக்கம் பகல் லைட்டு ஓடும்போது எரிய மாட்டேங்குதாம். அங்க காட்டினா நல்லாத்தானே எரியுதுன்னு திருப்பித் திருப்பி அனுப்பிடறாங்களாம். இந்தப் பக்கம் ஏதோ வேலை இருக்காம், அப்படியே எட்டிப் பாக்கறானாம்." கொஞ்சம் நிறுத்தினார். "அவளும் வர்றா."

"சாயங்காலம் வரைக்கும் இருப்பாங்களா?"

"இருக்க மாட்டாங்க. குழந்தை ஸ்கூல் விட்டு வர்றதுக்குள்ள போகணுமாம்." போகத் திரும்பியவர் நின்றார். "இன்னிக்குச் சொல்லிடறேன்."

"எதை?"

"இங்கயே இருந்துடுன்னு."

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அன்றைக்குத் தைத்த உறையில் கோணலாகப் போன தையலை மறுநாள்தான் பிரித்தேன்.

மதியத்துக்கு முன்பே வந்துவிட்டார்கள். அண்ணி கொஞ்சம் சதை போட்டிருந்தார், நன்றாக இருந்தார். என்னிடம் வந்து கையைப் பிடித்துப் பேசினார். புருஷனிடம் "சாப்பிட்டீங்களா?" என்றார், அவர் "ம்" என்றார். அவ்வளவுதான் அந்த அரிய உரையாடல். மகன் உறை பார்க்கலாம் என்று என் கடைக்குள் வந்து உட்கார்ந்தான். நான் துணிகளை எடுத்துப் போட்டேனே தவிர, கண்ணெல்லாம் எதிரில்.

யாரும் கூப்பிடாமல் அண்ணி போய் டிரைவர் சீட்டில் உட்கார்ந்தார். வண்டியை ஸ்டார்ட் செய்தார். இவர் பானட்டைத் திறந்தார். இரண்டு விளக்கும் நன்றாக எரிந்தன. எர்த்தைப் பார்த்தார், மீட்டர் வைத்துப் பார்த்தார், எல்லாம் சரி. பானட்டை மூடினார். இடது விளக்கு அணைந்தது. திறந்தார், எரிந்தது. மறுபடி மெல்ல இறக்கினார், அணைந்தது.

இத்தனை வருஷம் எதிரில் உட்கார்ந்து பார்த்ததில் எனக்கே புரிந்துவிட்டது. ஓர் ஒயர் தன் கிளிப்பிலிருந்து கழன்று மேலே எழும்பி நின்றிருக்கிறது. பானட் மூடும்போது அதன் கீல் அந்த ஒயரை அழுத்தி மடக்குகிறது. மேலே தோல் அப்படியே இருக்கிறது, உள்ளே கம்பி அறுந்திருக்கிறது. திறந்தால் முனைகள் தொட்டுக்கொள்ளும், மூடினால் விலகிவிடும். பார்க்கிற மெக்கானிக் எல்லோரும் முதல் காரியமாக பானட்டைத் திறந்துவிட்டு, எரிகிறதே என்று சொல்லியிருக்கிறார்கள். டாக்டரைப் பார்த்ததும் காய்ச்சல் விட்டுப்போகிற கதைதான்.

இவர் அதைக் கண்டுபிடித்துவிட்டார். ஆனால் சொல்லவில்லை. மறுபடி பானட்டைத் தூக்கி நிறுத்தித் தலையை உள்ளே விட்டார்.

"போடு" என்றார்.

"போட்டாச்சு."

"அணை."

"அணைச்சாச்சு."

ஃபியூஸ் பெட்டியைக் கழற்றினார், மாட்டினார். ஒரு குறையும் இல்லாத வலது விளக்கின் பிளக்கைப் பிடுங்கித் துடைத்துத் திரும்பச் செருகினார். "ஹேண்ட்பிரேக்கை எடு. போடு. அணை." மகன் வாசலுக்கு வந்து, "என்னப்பா, ஆச்சா?" என்றான். "பாக்கறேன்" என்றார். வேலையில் அவர் பொய் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. இண்டிகேட்டர் போட்டால் பக்கத்து விளக்கு அணைகிறது என்று பதறி வருகிறவர்களைக்கூட, "அது அப்படித்தான், கோளாறு இல்லை" என்று திருப்பி அனுப்புகிறவர். மகன் திரும்ப உள்ளே போய்த் துணிகளைப் புரட்டினான்.

அப்போது காருக்குள்ளிருந்து அண்ணியின் குரல் வந்தது.

"மீட்டரைக் கீழ வச்சு ரொம்ப நேரமாச்சே. எதைத் தேடறீங்க?"

தூக்கிய பானட்டுக்கும் காரின் முன் கண்ணாடிக்கும் நடுவே இருக்கிற இடுக்கில் அண்ணிக்கு அவர் கைகள் மட்டும் தெரியும். அத்தனை வருஷமும் அந்தக் கைகளைத்தான் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அண்ணி இறங்கி முன்னால் வந்து அவர் பக்கத்தில் நின்றார். "கண்டுபிடிச்சாச்சுல்ல?"

"ஆச்சு."

"அப்பறம்?"

"சரி பண்ணிட்டா கெளம்பிடுவீங்க." பேட்டரியைப் பார்த்துக்கொண்டே சொன்னார். பிறகு தலையைத் தூக்கி அண்ணியைப் பார்த்தார். "இங்கயே இருந்துடேன்."

அண்ணி கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு நம்பிக்கை இருந்திருக்கும்.

"இதை நான் போன அன்னிக்கு எதிர்பார்த்தேங்க. பஸ்சு எடுக்கற வரைக்கும் ஜன்னலைத் திறந்து வச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். நீங்க முன்னால போய், பின்னால ஒரு லைட்டு எரியலைன்னு டிரைவர்கிட்ட சொல்லிக்கிட்டு நின்னீங்க."

அவர் பேட்டரியின் மேலிருந்த தூசியைத் துடைத்தார்.

"போடு, அணை. இதுக்கு மேல என்கிட்ட என்ன பேசினீங்க? யோசிச்சுப் பாருங்க. அங்க அந்தக் குழந்தை ஸ்கூல் விட்டு வந்ததும் ஷூவைக்கூடக் கழட்டாம என்கிட்ட வந்துதான் எல்லாத்தையும் கொட்டுது. இன்னிக்கு யாரு அழுதா, யாரு அடிச்சா, எல்லாத்தையும். எனக்கு அது பிடிச்சிருக்கு. அதை விட்டுட்டு வர முடியலைங்க."

"சரி" என்றார் அவர்.

அதற்குப் பிறகு வேலை சட்டென்று முடிந்தது. அறுந்த இடத்தை வெட்டி, கம்பியைச் சேர்த்து ஈயம் வைத்து, மேலே புது உறை போட்டு, கீல் பக்கமே போகாதபடி வேறு வழியாக இழுத்துப் புதுக் கிளிப்பில் அழுத்தி மாட்டினார். பானட்டை மூடினார். இரண்டும் எரிந்தன. மகன் அப்பாவின் தோளைத் தட்டிவிட்டு ஏறினான். அண்ணி பின் சீட்டில் உட்கார்ந்து, "நேரத்துக்குச் சாப்பிடுங்க" என்றார். வண்டி போய்விட்டது.

எனக்கு அவர் மேல்தான் எரிச்சல். கெட்டிக்காரராக இருந்திருந்தால் அந்த ஒயரைச் சும்மா முறுக்கி டேப் ஒட்டி அனுப்பியிருப்பார். இரண்டு மாதத்தில் விட்டுப்போகும், வண்டி திரும்ப வரும், அண்ணியும் வந்தாலும் வரலாம். சொன்னால் அசிங்கம்தான், ஆனால் அதைத்தான் நினைத்தேன்.

அவர் தெருவைத் தாண்டி வந்து என் துணிக்கட்டின் மேல் உட்கார்ந்தார். இதற்கு முன் அவர் என் கடையில் உட்கார்ந்ததே இல்லை. தண்ணீர் கொடுத்தேன். குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தார்.

"அந்த ஒயரை எப்படிப் போட்டீங்க?" என்று கேட்டேன், வேறு என்ன கேட்பதென்று தெரியாமல்.

"நல்லாப் போட்டுட்டேன்மா" என்றார். "அந்த ஒயர் இனிமே அறுந்துபோகாது. அதுக்காக வண்டி இங்க வர வேண்டியதே இல்லை."

சொல்லிவிட்டு, வாய்விட்டு அழ ஆரம்பித்தார்.