அப்பா பாதியில் எழுந்துபோன படம்

நல்ல படங்களுக்குப் பட்டியல் போடுகிறவர்கள் யாரும் அந்தப் படத்தைச் சேர்ப்பதில்லை. வெளிவந்த காலத்தில் எங்கள் நீடாமங்கலத்துக் கொட்டகையில் மூன்றே நாள்தான் ஓடியதாம். கறுப்பு வெள்ளை. சண்டை கிடையாது, வில்லன் கிடையாது, கதாநாயகன் என்று சொல்லும்படியான ஆளும் கிடையாது. ஒரு விவசாயக் குடும்பம், அவ்வளவுதான். போன மாதம் கைபேசியில் தற்செயலாக அகப்பட்டு, மறுபடி பார்த்தேன். முதல் தடவை பார்த்தபோது எனக்கு ஒன்பது வயது.

அது புரட்டாசி மாதம். அப்பாவின் ஒரே தங்கையான அத்தை, திருக்காட்டுப்பள்ளியில் வாழ்க்கைப்பட்டவள், ஒரு பையோடு எங்கள் வீட்டுக்கு வந்து நாலு நாள் ஆகியிருந்தது. மணிக்கட்டு வீங்கியிருந்தது. கொல்லையில் வழுக்கி விழுந்துவிட்டதாகச் சொன்னாள். பொங்கலுக்கு வந்தபோதும் அப்படித்தான் வழுக்கி விழுந்திருந்தாள். அந்த வீட்டுக் கொல்லையில் ஏன் இவ்வளவு பாசி என்று நான் யோசித்ததுண்டு.

திங்கட்கிழமை அவளைக் கொண்டுபோய் விடுவது என்று முடிவாகியிருந்தது. காலாண்டு விடுமுறையாதலால் என்னையும் அழைத்துப் போவதாக ஏற்பாடு. காவிரியில் இரு கரையும் தொட்டுத் தண்ணீர் போகிற நேரம். பாலத்தில் நின்று பார்க்க வேண்டும் என்று புதுப் பாவாடையை முன்கூட்டியே எடுத்து வைத்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தொலைக்காட்சியில் இந்தப் படத்தைப் போட்டார்கள். அம்மாவும் அத்தையும் முருங்கைக்கீரை ஆய்ந்தபடி பார்த்தார்கள். அப்பா படம் பார்க்கிறவர் இல்லை. அன்றைக்கு மழை பிடித்துக்கொண்டதால் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

படத்தில், கட்டிக்கொடுத்த பெண் பிறந்த வீட்டுக்கு வருவாள். யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். சோறு போடுவார்கள். அவள் சாப்பிடுவதையே காட்டிக்கொண்டிருப்பார்கள். இரண்டாம் தடவை சோறு போட வரும்போது, போதும் என்று சொல்லலாமா என்று ஒரு கணம் தயங்குவாள். அவளுடைய முழுக்கதையும் அந்தத் தயக்கத்தில் இருப்பது இப்போதுதான் தெரிகிறது. மறுநாள் அண்ணன்காரன் அவளைப் பஸ் ஏற்றிவிடுவான். வசனம் இல்லை, பாட்டு இல்லை. நேரே வயலுக்கு வந்து, உடைந்த வரப்பை மண் வெட்டிப் போட்டு அடைப்பான். தண்ணீர் கசியும். திரும்ப அடைப்பான். திரும்பக் கசியும். மண்வெட்டிச் சத்தம் மட்டும் கேட்கும். அதை எடுத்தவருக்கு வரப்பும் தெரிந்திருக்கிறது, அண்ணன்மாரையும் தெரிந்திருக்கிறது.

எனக்கோ சிரிப்பு வந்துவிட்டது.

"என்னப்பா இது, ஒரே வரப்ப எவ்வளவு நேரம் கட்டுவான்! நீங்களா இருந்தா அஞ்சு நிமிஷத்துல கட்டியிருப்பீங்க" என்றேன்.

அப்பா எழுந்தார். துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு மழையிலேயே வெளியே போய்விட்டார். படம் அவருக்கும் பிடிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன். அத்தை கீரையிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

மறுநாள் காலையில் அத்தை தலைவாரிப் பூ வைத்து, பையோடு கூடத்தில் நின்றாள். நான் செருப்பே மாட்டிவிட்டேன். அப்பா வயலுக்குக் கட்டுகிற கைலியோடு வந்தார்.

"இன்னக்கி வேணாம். நாத்துப் பறிக்க ஆள் கெடைக்கல" என்றார்.

"அங்க எதிர்பாத்துக்கிட்டிருப்பாங்கண்ணே" என்றாள் அத்தை. "வர்றோம்னு சொல்லி அனுப்பியாச்சு."

"பாத்துக்கிட்டிருக்கட்டும்."

அம்மா குறுக்கே வந்தாள். "அப்ப அடுத்த வாரமாங்க? நாலு பேர் கேட்டா என்ன சொல்றது?"

"நடவு முடியட்டும்" என்றார் அப்பா. பிறகு தங்கையின் முகத்தைப் பார்க்காமலே, "பைய உள்ள கொண்டு வையி" என்றார்.

வீங்கிய கையை வைத்துக்கொண்டு அத்தையால் ஒரு முடி நாற்றுகூடப் பறிக்க முடியாது என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

நடவு முடிந்தது. களையெடுப்பு முடிந்து, அறுப்பும் ஆயிற்று. மாமா இரண்டு தடவை ஆள் அனுப்பினார், ஒரு தடவை தானே வந்தார். அப்பா வாசலில் நின்றபடியே பேசி அனுப்பிவிட்டார். அத்தை பிற்பாடு பால்வாடியில் வேலைக்குச் சேர்ந்து, ஓய்வு பெறும்வரை பிள்ளைகளை மேய்த்தாள். எங்களை விட்டு எங்கும் போகவில்லை.

அந்தத் திங்கட்கிழமை காலையில் எனக்குத் தெரிந்ததெல்லாம் என் பயணம் போயிற்று என்பதுதான். செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு ஓவென்று அழுதேன். என்னை இழுத்து மடியில் போட்டுக்கொண்ட அத்தை, என்னைவிடப் பெரிதாக அழுதாள். பாவம், அவளுக்கும் போகவேண்டுமென்று எவ்வளவு ஆசை இருந்திருக்கும் என்று எண்ணி, என் அழுகையை நிறுத்திக்கொண்டு அவள் கண்ணைத் துடைத்துவிட்டேன்.

"அழாதீங்க அத்தை. நடவு முடிஞ்சதும் அப்பா கட்டாயம் கொண்டுபோய் விட்டுடுவாங்க" என்றேன்.