டங்கென்று சொல்லாத சுவர்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பத்துப் பதினைந்து இளைஞர்களுக்கு முன்னால், ஒரு சுவரில் உள்ளங்கையை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு நான் தழுதழுத்தேன். பழைய கட்டடங்களைக் காப்பாற்றப் பாடுபடும் பிள்ளைகள் அவர்கள். ராயபுரத்தைச் சுற்றிக் காட்ட உள்ளூர்க்காரர் ஒருவர் வேண்டுமென்று என்னைப் பிடித்திருந்தார்கள். "இந்தச் சுண்ணாம்பு என்னோடு பேசுகிறது" என்றுகூடச் சொன்னதாக ஞாபகம். பேசி முடித்ததும் ஒரு பெண் மிகுந்த மரியாதையோடு கிட்டே வந்து, "அங்கிள், இது ஏடிஎம்மோட பின்பக்கம். நீங்க சொல்ற கட்டடம் அடுத்தது" என்றாள்.

வாசித்த புத்தகங்கள் என்னை இந்த மாதிரி இடங்களில்தான் கைவிடும்.

அந்த அடுத்த கட்டடம்தான் மணி வூடு. நான் வளர்ந்த இடம். எந்தக் காலத்திலோ ஒரு கப்பல் ஏஜெண்டு கட்டியது. துறைமுகத்துக்குள் கப்பல் நுழைந்தால் அடிப்பதற்கு மாடியில் ஒரு மணி தொங்கியதாம். எங்கள் காலத்தில் மணி இல்லை, கொக்கி மட்டும் இருந்தது. அதில் எப்போதும் யாராவது ஒரு குழந்தையின் தூளி தொங்கும். கீழே தூண் வைத்த நடை, ஒரு டெய்லர், ஒரு கேரம் கிளப். மேலே பெரிய கூடங்களைப் பலகையால் தடுத்து ஏழெட்டுக் குடும்பங்கள். தெருவைப் பார்த்து நீளமாக ஒரு மாடி வராந்தா. அதில் நின்று எம்பினால் கப்பல்களின் புகைபோக்கி தெரியும்.

வீட்டுச் சொந்தக்காரர் ஊரின் தென்கோடியில் இருந்தார். அவருக்கு மணி வூட்டை இடித்துவிட்டு ஒரு குடோன் கட்ட ஆசை. கட்டடம் விழப்போகிறது, ஆட்களைக் காலி செய்யுங்கள் என்று கார்ப்பரேஷனில் மனுப் போட்டிருந்தார். திங்கட்கிழமை எஞ்சினியர் வந்து பார்ப்பார் என்று தகவல் வந்தது. அவர் 'ஆபத்து' என்று எழுதிவிட்டால், ஒரு குடும்பம் கொருக்குப்பேட்டை, ஒரு குடும்பம் மணலி என்று மூட்டை கட்ட வேண்டியதுதான்.

அந்த வாரம் மணி வூட்டில் யாரும் ஓர் இடத்தில் உட்காரவில்லை. அப்பா ஷிப்டு முடிந்து வந்ததும் சட்டையைக் கழற்றாமல் மாடிக்கும் வாசலுக்கும் நடந்தார். டெய்லர் ஒரே சட்டைக்கு இரண்டு முறை காஜா எடுத்தார். கேரம் கிளப்பில் ஸ்டிரைக்கரை வைத்துவிட்டு அடிக்காமல் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பாரம்பரியம் என்கிற சொல் அப்போது எங்கள் தெருவுக்கு வந்து சேரவில்லை. "இத்த இடிச்சா நம்ம எங்க போறது?" என்பது மட்டும் வந்திருந்தது.

அப்போதுதான் என் தாய்மாமா பொறுப்பை எடுத்துக்கொண்டார். மாமாவுக்குக் கப்பல் ரிப்பேர் பட்டறையில் வேலை. துருப்பிடித்த கப்பலைச் சுத்தியலால் தட்டித் துருவை உதிர்த்து, பெயிண்ட் அடிப்பது.

"இது இன்னா பெரிய மேட்டரு? கப்பலையே புச்சா ஆக்குறோம். வூட்ட ஆக்க மாட்டமா?"

தோஸ்துகள் நாலைந்து பேர் சுத்தியலோடு வந்தார்கள். கூடவே டின் டின்னாகப் பெயிண்டும் வந்தது. பட்டறையில் மிஞ்சியது என்றார் மாமா. எப்படி மிஞ்சியது என்று கேட்கும் மனநிலையில் யாரும் இல்லை. தெருவே திரண்டது. கேரம் பையன்கள் சாரம் கட்டினார்கள், மீன் விற்கும் அக்காக்கள் தண்ணீர் சுமந்தார்கள், டெய்லர் யோசனை சொன்னார்.

மாமாவின் தொழிலில் ஒரு விதி உண்டு. துரு உதிரும்வரை தட்ட வேண்டும். அடியில் நல்ல இரும்பு வந்தால் அதுவே டங்கென்று சொல்லும். சொன்னதும் நிறுத்திவிடலாம். இந்த விதியை அவர் சுவருக்கும் பிரயோகித்தார்.

தட்டினார்கள். சுண்ணாம்பு உதிர்ந்தது. இன்னும் தட்டினார்கள். இன்னும் உதிர்ந்தது. டங்கென்ற சத்தம் மட்டும் வரவே இல்லை.

"டேய், வூடு இன்னா இரும்பாடா? சொண்ணாம்புடா அது!" என்று மேலேயிருந்து அம்மா கத்தினாள்.

"யக்கா, நீ சும்மா கெட. தொழில் தெரிஞ்சவன் செஞ்சிகினு கீறான்ல?"

சாயங்காலத்துக்குள் முன்பக்கச் சுவரில் பாதி, செங்கல் தெரிய நின்றது. டெய்லர் கடைக்குப் பக்கத்தில், அதுவரை நல்லபடியாக இருந்த ஒரு மூலையில், கை நுழையும் அளவுக்குப் பள்ளம். மாமா அதற்குள் கையை விட்டுப் பார்த்து, "உள்ள ஈரம்" என்று கட்டடத்தின்மேல் குற்றம் சாட்டினார்.

பிறகு பெயிண்ட். கப்பலில் எப்படியோ அப்படியே. இடுப்பளவுக்குக் கீழே சிவப்பு, மேலே சாம்பல். நடுவில் நூல் பிடித்து ஒரு வெள்ளைக் கோடு. கடலில் கப்பல் எதுவரை முழுகும் என்பதைக் காட்டும் கோடு அது. வண்ணாரப்பேட்டையிலிருந்தெல்லாம் ஆட்கள் பார்க்க வந்தார்கள். உலகத்திலேயே அழகான வீடு எங்களுடையதுதான் என்று நான் நம்பினேன். ஈரச் சுண்ணாம்பின்மேல் அந்தப் பெயிண்ட் காயாது, அப்பளம்போல உப்பிக்கொண்டு வரும் என்பது ஞாயிற்றுக்கிழமைதான் தெரிந்தது. அன்று முழுக்க மாமா உப்பிய இடங்களை உள்ளங்கையால் அழுத்திக்கொண்டே அலைந்தார். ஒன்றை அழுத்தினால் பக்கத்தில் ஒன்று கிளம்பியது.

திங்கட்கிழமை எஞ்சினியர் வந்தார். இறங்கியதும் வெள்ளைக் கோட்டைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"வெள்ளம் எதாவது வருமா இங்க?"

"அழகுக்கு சார்" என்றார் மாமா.

எஞ்சினியர் பேனாவால் சுவரை ஒரு தட்டுத் தட்டினார். ஒரு பெரிய அப்பளம் கழன்று அவருடைய ஷூவில் விழுந்தது. மாமாவின் முகத்தைப் பார்க்கவே முடியவில்லை. எஞ்சினியர் நிமிர்ந்து மாடி வராந்தாவைக் காட்டினார். "இதுல நாலு பேர் சேந்து நின்னா தாங்காது. பேசாம காலி பண்ணிடுங்க."

இடுப்பில் தங்கச்சியோடு அம்மா கூட்டத்தில் நின்றிருந்தாள். தங்கச்சியைத் தூக்கி என் இடுப்பில் வைத்தாள். காதிலிருந்த கம்மல் இரண்டையும் கழற்றி, திருகாணியோடு என் சட்டைப் பையில் போட்டாள்.

"எதிர்ல டீக்கடையாண்ட போய் நில்லு. நான் கூப்புட்ற வரிக்கும் ரோட்ட தாண்டாத."

"நானும் மேல வரேம்மா."

"சொன்னத செய்."

அம்மா படியேறினாள். அவள் ஏறுவதைப் பார்த்து மற்ற வீட்டுப் பெண்களும் ஒவ்வொருவராக ஏறினார்கள். அடுத்த சந்திலிருந்து மீன் அக்காக்களும் கூடையோடு வந்தார்கள். வராந்தாவில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை இடம் விடாமல் உட்கார்ந்து, அருவாமனையைப் போட்டு மீன் ஆய ஆரம்பித்தார்கள்.

"எறங்குங்கம்மா! சொன்னா கேளுங்க!" என்று எஞ்சினியர் பதறினார்.

"நீ எய்திக்கோ நைனா, நாங்க பாட்டுக்குக் குந்திகினு கீறோம்" என்றாள் ஒரு மீன் அக்கா. இன்னொருத்தி, "எத்தினி பேருனு எண்ணி எய்திக்கோ. பத்தலன்னா சொல்லு, எம் மாமியாள கூப்புட்றேன். அவ ஒருத்தியே நாலு பேரு" என்றாள்.

தெருவே சிரித்தது. ஆனால் இன்னும் உப்பலை அழுத்திக்கொண்டிருந்த மாமாவைத் தவிர, ஆண்கள் எல்லோரும் தூண்களை விட்டு நடுத்தெருவுக்கு நகர்ந்துவிட்டிருந்தார்கள். நான் டீக்கடை வாசலில் கொதித்துக்கொண்டிருந்தேன். தெருவுக்கே வேடிக்கை நடக்கிறது, எனக்கு மட்டும் பாப்பாவைச் சுமக்கும் வேலை. அவளை இந்த இடுப்புக்கும் அந்த இடுப்புக்கும் மாற்றினேன். பையில் கையை விட்டுக் கம்மலைத் திருகித் திருகிப் பார்த்தேன். சாலை ஓரத்தைக் கட்டை விரலால் தாண்டித் தாண்டி இழுத்துக்கொண்டேன்.

அப்போது மணலிப் பக்கம் போகும் டேங்கர் லாரி ஒன்று தெருவுக்குள் நுழைந்தது. டீக்கடையில் கண்ணாடி கிளாஸ்கள் கலகலத்தன. சிரிப்பு நின்றது. எல்லோருடைய முகமும் மேலே. லாரி கடந்து போகும்வரை அம்மா மட்டும் மேலேயிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். ரோட்டைத் தாண்டிவிடுவேனோ என்று முறைக்கிறாள் என நினைத்து, நானும் திருப்பி முறைத்தேன்.

வராந்தா அசையவில்லை. ஒரு சிட்டிகை சுண்ணாம்பு மட்டும் மாமாவின் தலையில் விழுந்தது. எஞ்சினியர் வராந்தாவுக்கு அடியில் போய் அண்ணாந்து பார்த்தார். பிறகு, பழுதுபார்த்து உபயோகிக்கலாம் என்று எழுதினார். மாமாவைக் கூப்பிட்டு, "பழுதுபார்க்கிற வேலைய மட்டும் நீங்க செய்யாதீங்க" என்றார்.

அந்தச் சாம்பல் பெயிண்டைச் சுரண்டி எடுத்து, முறையாகச் சுண்ணாம்பு பூசத் தெருக்காரர்களுக்குப் பல வருஷம் ஆனது. அடியில் ஒரு மூலையில் சிவப்பு இன்னும் இருக்கிறது. அதுதான் வீட்டைக் காப்பாற்றியது என்று வெகுகாலம் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொண்டு திரிந்தேன். கம்மலைத் திருடன் பயத்தில் தந்தாள், பாப்பாவை நைநையென்று அழுததால் தந்தாள் என்று நானே காரணமும் வைத்திருந்தேன். அன்று தரையில் இருந்தாக வேண்டியவை எவையென்று அம்மா பிரித்து, அவற்றை ரோட்டுக்கு அந்தப் பக்கம் நிறுத்திவிட்டுப் போனாள் என்பது எனக்கு எட்டவே இல்லை. அந்தக் கணக்கில் நானும் ஒருவன் என்பதும்.

ஏடிஎம் சுவரில் அவமானப்பட்டுத் திரும்பிய அன்றைக்கு இதையெல்லாம் அம்மாவிடம் சொன்னேன். கொஞ்சம் தழுதழுத்தும் சொன்னேன். பயமாக இல்லையா என்று கேட்டேன்.

"பயம் இல்லாம? எங்க நீ புள்ளய டீக்கடையில வுட்டுட்டு கப்பல் பாக்க ஓடிருவியோன்னு உன்னியே பாத்துகினு குந்தியிருந்தேன்" என்றாள். கொஞ்சம் யோசித்துவிட்டு, "அந்தக் கம்மல்ல ஒரு திருகாணி வரல. எங்க போட்ட?" என்றாள்.