கம்பம் ஆட்டிய கம்ப்யூட்டர்

போன வாரம் எங்கள் குன்னூர் தெருவில் நான் ஒரு போராளி ஆனேன். மூன்றே நாள்தான் நீடித்தது.

செகண்ட் ஹேண்டில் வாங்கிய கம்ப்யூட்டரின் பழைய டப்பாத் திரை காலை நேரத்தில் மட்டும் ஜெல்லி மாதிரி ஆடியது. வெளியே எட்டிப் பார்த்தேன். எதிரே மின்கம்பம்... அதன் மேலே ஹைடென்ஷன் லைன். காந்தப்புலம்! வேறென்ன?

கம்பத்தை மாற்றச் சொல்லி மின்வாரியத்துக்கு மனு எழுதினேன். பதினோரு பேர் கையெழுத்துப் போட்டார்கள். காந்தப்புலம் என்று சொன்ன மறுநாளே நாலு பேருக்குத் தலைவலி வந்துவிட்டது.

இதற்கிடையே மனைவி வசந்தா சொன்னாள்: "ஏனுங்க, பாத்ரூம் கொழாயத் தொட்டா சுர்ருங்குது."

"குளிருக்கு அப்படித்தான் இருக்கும்" என்றேன். போராளிக்குக் குழாயைப் பார்க்க ஏது நேரம்?

மனுவுக்கு ஆதாரம் வேண்டுமே... இயற்பியல் பேராசிரியரான நண்பர், காந்தப்புலம் அளக்கும் கருவியோடு வந்தார். கம்பத்தடியில் முள் லேசாகத்தான் அசைந்தது. வீட்டுக்குள் வந்து ஒவ்வொரு சுவிட்சாகப் போடச் சொன்னார். காலைக் குளியலுக்கு மட்டும் போடும் வெந்நீர் ஹீட்டரைப் போட்டதும் முள் கடைசிக்கு ஓடியது. எங்கே? கம்ப்யூட்டர் மேஜையை ஒட்டி, எங்கள் கட்டிலின் தலைமாட்டில்!

"போற கரண்டும் திரும்பற கரண்டும் பக்கத்துப் பக்கத்துல போனா, ஒண்ணோட காந்தப்புலத்தை இன்னொண்ணு அடக்கிடும். உங்க வீட்டுல ரெண்டும் வேற வேற வழியில போகுது. முதல்ல மெயினை ஆஃப் பண்ணுங்க."

எலக்ட்ரீஷியன் ராஜேந்திரனுக்கு ஆள் அனுப்பினேன். டீ ஃபேக்டரியில் வேலை பார்த்தவர். தேயிலை விலை விழுந்து ஃபேக்டரியை மூடியதிலிருந்து வீட்டு வேலைகளுக்கு வருகிறார். ஹீட்டர் பின்னால் டார்ச் அடித்துப் பார்த்தவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"இது நான் கட்டுனதுங்க சார். கரண்டு திரும்பி வர்ற நியூட்ரல் ஒயர் செவுத்துக்குள்ள அத்துப்போயிருந்துச்சு. இப்பத்தான் பெயிண்ட் அடிச்சோம், செவுத்த ஒடைக்காதீங்கன்னு சொன்னீங்க. ரெண்டு நாளைக்குத்தானேன்னு தண்ணிப் பைப்புல கட்டி உட்டேன். அப்பறம் நீங்க கூப்பிடவே இல்லீங்களே!"

அந்த ரெண்டு நாள் முடிந்து மூன்று வருஷம் ஆகிறது.

"நாளைக்கு பிளம்பர் வர்றாருங்க. இந்தத் துருப்பிடிச்ச பைப்பை அறுத்துட்டு, பிளாஸ்டிக் பைப் போடறதுக்கு" என்றாள் வசந்தா.

ராஜேந்திரன் டார்ச்சைக் கீழே வைத்தார். "ஹீட்டர் ஓடறப்ப அறுத்திருந்தா, மொத்தக் கரண்டும் அந்த மனுசன் கை வழியாப் போயிருக்குமுங்க... ஃபேக்டரியில இப்படிக் கட்டியிருந்தா அன்னிக்கே என்னய வெளிய அனுப்பியிருப்பாங்க. தப்பு என்னோடதுங்க."

என் தப்பை எந்த வாயால் சொல்வது? சுத்தியலை நானே எடுத்து, ஆசையாகப் பெயிண்ட் அடித்த சுவரில் முதல் அடி போட்டேன். புது ஒயர் ஏறியது. ஹீட்டரைப் போட்டும் திரை அசையாமல் நின்றது. வசந்தா குழாயைத் தொட்டுப் பார்த்தாள். என்னைத் திரும்பிப் பார்த்தாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

மறுநாள் மனுவை வாபஸ் வாங்குவதாகச் சொல்லப் பதினோரு வீட்டுக்கும் போனேன். மூன்றாவது வீட்டுக்காரர் குரலைத் தாழ்த்தினார்: "எங்க ஊட்டுக் கொழாயும் சுர்ருங்குதுங்க... சொன்னா யாராச்சும் சிரிப்பாங்கன்னு உட்டுட்டோம்."

இப்போது ராஜேந்திரன் தெரு முழுக்கச் சுவர் உடைத்துக்கொண்டிருக்கிறார். செய்த தப்பை ஒப்புக்கொள்ளும் எலக்ட்ரீஷியன் சுலபத்தில் கிடைப்பாரா? தேயிலைக்கு விலை ஏறிவிட்டால் ஃபேக்டரிக்குத் திரும்பிவிடுவார் – அதற்குள் உங்கள் வீட்டையும் ஒருமுறை காட்டிவிடுங்கள்!