வீடு கொடுத்து வீடு எடுத்த கதை

1. போன் வந்தது

நாளைக் காலை பத்து மணிக்கு இன்ஸ்பெக்‌ஷன் என்று போன் வந்தபோது நான் டீ குடித்துக்கொண்டிருந்தேன். மிச்ச டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்தேன்.

கும்மிடிப்பூண்டி ஆலைத் தொழிலாளர்களுக்காக ஒரு கூட்டுறவுச் சங்கம் கட்டிய அடுக்ககத்தில் நான் கிளார்க். நாற்பத்தெட்டு வீடுகள். ஒரு ஹால், ஒரு ரூம், கிச்சன். மூன்று மாடி, லிஃப்ட் கிடையாது. மானியத்தில் கட்டியதால் ஒரு நிபந்தனை உண்டு. யார் பேரில் அலாட்மெண்டோ அவர்தான் அந்த வீட்டில் குடியிருக்க வேண்டும். மீறினால் ரத்து.

அலாட்மெண்ட் குலுக்கல் முறையில் நடந்தது. குலுக்கல் டப்பாவுக்குச் சொந்தபந்தம் தெரியுமா? ஆரம்பாக்கத்திலிருந்து வந்த அண்ணன் தங்கை இருவரில் தங்கை மஞ்சுளாவுக்குத் தரைத்தளம் விழுந்தது. அண்ணன் ஏழுமலைக்கு மூன்றாம் மாடி. அவர்களுடைய அம்மா கோவிந்தம்மா மகனோடு இருப்பவர். நல்ல கனமான உடம்பு, இரண்டு முட்டியும் போய்விட்டது. பால் காய்ச்சிய அன்று அவரை நாற்காலியோடு நான்கு பேர் தூக்கிப்போய், மறுநாள் அதேபோல் இறக்கினார்கள்.

அந்த வாரமே குடும்பம் கூடிப் பேசியது. தாய்மாமன் முன்னிலையில் வெற்றிலைத் தட்டு மாற்றிக்கொண்டு அண்ணன் கீழே வந்தார், தங்கை மேலே போனாள். பெண் கொடுத்துப் பெண் எடுப்பார்கள், பார்த்திருக்கிறேன். இவர்கள் வீடு கொடுத்து வீடு எடுத்துவிட்டார்கள். எனக்கும் ஒரு தட்டில் வெற்றிலை பாக்கு, பழம் வந்தது. மறுக்காமல் வாங்கிக்கொண்டேன். ஒரு வார்த்தை எழுதி வாங்கியிருக்கலாம் என்று அப்போது தோன்றவில்லை.

2. ஒரு நாள் குடித்தனம்

ஒரே ஒரு நாள் அவரவர் பேரில் உள்ள வீட்டில் இருங்கள் என்று இரண்டு குடும்பத்தையும் கெஞ்சினேன். காலை ஆறு மணியிலிருந்து படியில் ஒரே ஊர்வலம். கேஸ் அடுப்பு மேலே போனது, பாய் தலையணை கீழே வந்தது. சாமி படங்கள் நடுவழியில் கலந்துபோய், யார் முருகன் யாருக்கு என்று ஒரு சின்னச் சண்டையும் நடந்தது.

கோவிந்தம்மாவை மட்டும் அசைக்கவில்லை. மகள் வீட்டுக்கு அம்மா வந்திருக்கிறார் என்றால் யார் கேட்கப் போகிறார்கள்? என் புத்திசாலித்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

வந்த அதிகாரி ஒரு அம்மாள். மிக மென்மையான குரல். கோவிந்தம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து, மகள் வீட்டுக்கு வந்து எத்தனை நாளாகிறது என்று அன்பாகத்தான் கேட்டார். ஆனால் எங்கள் பக்கத்தில் மகனைப் பெற்றவளை அப்படிக் கேட்கக்கூடாது. கோவிந்தம்மா நிமிர்ந்தார்.

"இன்னாம்மா இப்டி கேட்டுட்ட? புள்ளையப் பெத்தவ நான், மருமவன் ஊட்ல போயி சோறு துன்னுவேனா? இது எம்புள்ள ஊடு. ரெண்டு வருசமா இங்கதான் கீறேன்."

அதிகாரி என்னைப் பார்த்தார். நான் ஃபேனைப் பார்த்தேன். ஐந்தே நிமிடத்தில் வெற்றிலைத் தட்டு வரைக்கும் எல்லாம் வெளியே வந்துவிட்டது.

வாடகைக்கு விட்டீர்களா, விற்றீர்களா என்று அவர் கேட்டார். இல்லை என்றதும் என்னிடம் திரும்பினார்.

"வீடு மாத்திக்க மியூச்சுவல் எக்ஸ்சேஞ்ச் ஃபார்ம் இருக்கே சார். ரெண்டு குடும்பமும் கையெழுத்துப் போட்டா போதுமே. உங்க ஆபீஸ்ல இல்லையா?"

இருந்தது. அந்த ஃபார்ம் கட்டை மடித்துத்தான் என் மேசைக்காலுக்கு முட்டுக் கொடுத்திருந்தேன். ஒரு வாரத்தில் கையெழுத்து வராவிட்டால் இரண்டு வீடும் ரத்து என்று சொல்லிவிட்டுப் போனார்.

3. படிக்கட்டு

ஏழுமலையும் அவர் மனைவியும் அன்றே கையெழுத்துப் போட்டார்கள். மஞ்சுளாவும் போட்டாள். அவள் புருஷன் பழனி கூட்டு அலாட்டி, வீடு அவர் பேரிலும் இருந்தது. அவர் மட்டும் பார்க்கலாம் என்றார். மறுநாளும் பார்க்கலாம் என்றார். சண்டை இல்லை, சத்தம் இல்லை. தட்டு மாற்றுவது வேறு, எழுதிக் கொடுப்பது வேறு. கீழ் வீட்டு வாசலில் மஞ்சுளா ஒரு இட்லிக் கடை போட வேண்டும் என்பது அவருடைய கணக்கு; எழுதிக் கொடுத்தால் அந்த வாசல் போய்விடும். அவர் நினைத்ததில் தப்பே இல்லை. நானாக இருந்தாலும் யோசித்திருப்பேன்.

ஆறாம் நாள் மதியம் ஃபார்மோடு போனேன். மருமகன் இன்னும் கையெழுத்துப் போடவில்லை என்று கோவிந்தம்மாவுக்கு அப்போதுதான் தெரிந்தது. மூன்றாம் மாடியில் மகனுக்குக் கிடைத்த வீட்டுக்கே போகிறேன் என்று கைப்பிடியைப் பிடித்து ஏற ஆரம்பித்தார். யார் சொல்லியும் கேட்கவில்லை. எட்டாவது படியில் முட்டி மடங்கி அப்படியே உட்கார்ந்துவிட்டார். குறுகலான படி. அவர் உட்கார்ந்தால் படி முழுக்க அவர்தான்.

மேலேயிருந்து டிபன் பையோடு பழனி இறங்கி வந்தார். செகண்ட் ஷிஃப்ட். கேட்டில் கம்பெனி பஸ் ஹாரன் அடித்தது. மாமியாரைத் தாண்டிப் போக முடியுமா? எந்த மருமகன் செய்வான்? அந்த அம்மாளோ மருமகனிடம் நேருக்கு நேர் பேசுகிறவர் இல்லை. சுவரைப் பார்த்துச் சொன்னார்:

"பஸ்ஸு போயிடப் போவுது. எழுந்துக்கலாம்னு பாத்தா முட்டி ஒத்துக்க மாட்டேங்குதே."

முதலில் எனக்குச் சிரிப்புதான் வந்தது. நடிக்கிறார் என்று நினைத்தேன். பிறகு அவர் முகத்தைப் பார்த்தேன். கண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

பழனியும் பார்த்தார். ஒரு படி மேலே தள்ளி உட்கார்ந்தார். ஹாரன் இன்னொரு தடவை கேட்டது. அப்புறம் பஸ் கிளம்பும் சத்தம்.

"பேப்பர குடு சார்," என்றார். டிபன் டப்பாவின் மேல் வைத்துக் கையெழுத்துப் போட்டார். "வாசல்ல மஞ்சுவுக்கு அடுப்பு வெக்க எடம் உடணும். அத்தயும் எழுதிக்க."

அதற்கு ஃபார்மில் கட்டம் இல்லை. கீழே நின்றிருந்த ஏழுமலை, கட்டம் எதற்கு, நாளைக்கே அடுப்பை வை என்றார். பிறகு ஆளுக்கொரு பக்கம் பிடித்து அந்த அம்மாளை இறக்கினோம். ஒரு கை பழனியுடையது. மாமியாரை அவர் தொட்டுத் தூக்கியது அதுதான் முதல் தடவையாக இருக்கும்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்று சொல்லுவேன். குலுக்கலுக்கு முன்னால் ஒரு தாளை எடுத்துக்கொண்டு, யார் யாருக்குச் சொந்தம், யாரால் மாடி ஏற முடியாது என்று கேளுங்கள். அரை நாள் வேலைதான். நான் அதைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அந்த அம்மாள் எட்டாவது படியில் உட்கார்ந்து அழுதிருக்க மாட்டார்.